மேல்வீட்டுத் துணி சொட்டுது: மனசு கோணாமல் எப்படிச் சொல்றது?

1 · ஈரத்துண்டு

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. மேல்மாடியில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பில் காயப்போடும் துணி சொட்டி, கீழ்வீட்டில் முக்கால்வாசி காய்ந்த துணி மறுபடியும் நனைகிறது. வாரத்தில் மூன்று நாள் இந்தக் கூத்து. மேல்வீட்டாரும் தமிழர்கள்தான், சங்கடமே அங்குதான். மின்தூக்கியில் தினமும் முகம் பார்க்க வேண்டும், கோயிலில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். சண்டையும் வேண்டாம், சும்மா விடவும் முடியாது. கதவில் செருக ஒரு நோட்டு எழுதியிருக்கிறேன். தயங்காமல் கிழியுங்கள்:

"அன்புள்ள மேல்வீட்டாருக்கு, தங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு முதலில் மன்னிக்கவும். சில சமயங்களில் சிலருடைய துணிகளிலிருந்து நீர் சொட்டுவதாகத் தெரிகிறது. இது விதிமுறைப்படி தவறு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தயவுசெய்து இனி எப்போதும் இவ்வாறு நடக்காமல் தயவுசெய்து பார்த்துக்கொள்ளவும். இப்படிக்கு, கீழே குடியிருப்போர்."

இதே மாதிரி சொல்லவும் முடியாத, மெல்லவும் முடியாத விஷயங்கள் வேறு இருந்தால் இங்கேயே போடுங்கள். தனித்தனி இழை வேண்டாம்.

2 · காப்பி_ஓ_கொசோங்

படிச்சேன். நகர மன்றத்துக்கு மனு போட்ட மாதிரி இருக்கு. இடிக்கிற இடத்தை மட்டும் சொல்றேன்.

"முதலில் மன்னிக்கவும்." எதுக்கு? நனைஞ்சது உங்க துணி. மன்னிப்புல ஆரம்பிச்சா, பின்னால ஏதோ பெருசா வருதுன்னு படிக்கிறவர் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்குவார்.

"சில சமயங்களில் சிலருடைய." அந்தச் சிலர் யாருன்னு எழுதினவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். இப்படி மூடி மூடிச் சொல்றதுதான் அதிகமா குத்தும். என்ன கிழமை, எத்தனை மணி, எந்தக் கம்பு? அவ்வளவுதான் வேணும்.

"விதிமுறைப்படி தவறு." முதல் நோட்டிலேயே விதியை இழுத்தா, அவர் பதிலுக்கு உங்க வாசல் செருப்பு அலமாரியை அளந்து பார்ப்பார். நடைபாதையில 1.2 மீட்டர் வழி விடணும்னு குடிமைத் தற்காப்புப் படை விதி இருக்கு. டேப்பு எல்லா வீட்டிலயும் இருக்கு.

"இனி எப்போதும்." ஒரு தடவை நடந்ததைக்கூட பரம்பரைப் பழக்கமா ஆக்கிடுது இந்தச் சொல். வெட்டுங்க.

"கீழே குடியிருப்போர்." இதுதான் மோசம். ஒரு வீட்டுக்காரர் சொன்னா வேண்டுகோள், "குடியிருப்போர்" சொன்னா ஊர்க்கூட்டம். வீட்டு எண்ணைப் போடுங்க. பேர் போட்டா இன்னும் நல்லது. மொட்டைக் கடிதத்துக்கு யாரும் நல்லபடியா பதில் சொன்னதா சரித்திரம் இல்லை.

அப்புறம், தமிழ்க் குடும்பம்னா நோட்டைவிட நேர்ல போறதுதான் மரியாதை. நோட்டு, ஆள் இல்லாதப்போ வெச்சுட்டு வர்றதுக்கு மட்டும்.

3 · தோபாயோ_துளசி

நோட்டு இருக்கட்டும். சொட்டுவது துணிதானா என்று முதலில் பாருங்கள். பாதிச் சண்டை இங்கே தப்புக் கணக்கில் தொடங்குகிறது.

கம்பில் துணியே இல்லாத ராத்திரியிலும் சொட்டினால் அது குளிர்சாதனத்தின் வடிகுழாய். மழை விட்ட பிறகு ஒரு மணி நேரம் சொட்டினால் மேல்வீட்டில் யாரும் இல்லை, கம்பை உள்ளே எடுக்க ஆள் இல்லை, அவ்வளவே. சொட்டிய தண்ணீரை விரலில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்போ துணிமணி வாசனைத் திரவத்தின் மணமோ இருந்தால் சலவைத் தண்ணீர். ஒரு வாரம் கிழமையும் நேரமும் குறித்து வைத்தால் இது தெளிவாகிவிடும்.

சலவைதான் என்றால் ஏன் சொட்டுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு மேலே போங்கள். "சொட்டுது" என்று மட்டும் சொன்னால் குறை. கூடவே வழியும் சொன்னால் உதவி. வழக்கமான காரணங்கள்:

மெஷினில் மென்துணி ஓட்டம் வைத்துத் துவைத்தால் கடைசிச் சுழற்சி குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். சாதாரண ஓட்டத்தில் 1000 சுழற்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பிழிந்தால் துணி ஈரமாக இருக்கும், சொட்டாது. துவைத்து முடித்த பிறகு ஸ்பின் மட்டும் தனியாக இன்னொரு தடவை ஓட்டுகிற வசதி ஏறக்குறைய எல்லா மெஷினிலும் உண்டு.

பெட்ஷீட் ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் அது ஒரு பக்கமாகச் சுருண்டு எடை சாயும். மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். வெளியே எடுக்கும்போது ஷீட் தண்ணீர் குடித்த பஞ்சு மாதிரி கனக்கும். கூட இரண்டு துண்டு போட்டால் எடை பரவிவிடும். வடிகட்டியில் நூலும் சில்லறையும் அடைத்திருந்தாலும் இதே கதைதான், தண்ணீர் வெளியேறாமல் சுழற்சியே சரியாக ஓடாது.

கையால் அலசும் புடவை, பள்ளிச் சீருடை வேறு ரகம். காய்ந்த துண்டின் மேல் விரித்து, பாய் மாதிரி சுருட்டி, ஏறி மிதித்தால் துண்டு முக்கால் தண்ணீரைக் குடித்துவிடும். இல்லையென்றால் குளியலறையில் ஒரு மூலை தாழ்ந்து தொங்கும்படி மாட்டுங்கள். தண்ணீர் எல்லாம் அந்த மூலைக்கே ஓடி வடியும். சொட்டு நின்ற பிறகு கம்புக்குப் போகலாம்.

4 · மிக்சர்_மன்னன்

இவ்வளவு எதுக்கு? உங்க ஜன்னலுக்கு வெளியே ஒரு குடையை விரிச்சுக் கட்டுங்க. குடைமேல "நன்றி, மேல்வீடு"ன்னு எழுதுங்க. ஒரே நாள்ல புரிஞ்சுடும்.

5 · காப்பி_ஓ_கொசோங்

@மிக்சர்_மன்னன் காத்துல குடை பறந்து யார் தலையிலாவது விழுந்தா, துணி சொட்டினவரை விட்டுட்டு உங்களைத் தேடி வருவாங்க. உயர்மாடியிலிருந்து பொருள் விழறதை இந்த ஊரு விளையாட்டா எடுத்துக்கறதில்லை.

ஆனா நீங்க தொட்ட விஷயம் சரி. சிரிப்பு வேணும். எந்தச் சிரிப்புங்கறதுதான் கேள்வி. குடை, அவரை நாலு பேர் முன்னாடி நிறுத்திச் சிரிக்கிறது. "எங்க வேட்டி இப்பல்லாம் ஒரே நாள்ல ரெண்டு தடவை குளிக்குது"ன்னா உங்க வேட்டியைப் பாத்துச் சிரிக்கிறது. ரெண்டுலயும் விஷயம் ஒண்ணுதான், ரெண்டாவதுல அவரும் உங்ககூடச் சேர்ந்து சிரிக்கலாம். அதோட, சிரிப்பு விஷயத்துக்குப் பின்னாடி வரணும். முதல்ல சிரிச்சுட்டா, அவரும் சிரிச்சுட்டுக் கதவைச் சாத்திடுவார். சொல்ல வந்தது தொண்டையிலயே நிக்கும்.

நேர்ல போற முறை: ஈரச் சட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்க. சொட்டற நேரத்துலயும் போகாதீங்க. கோபம் படியேறும்போதே மூஞ்சில தெரியும். சனிக்கிழமை காலை பத்து, பதினொண்ணு வாக்கில போங்க. ஒருத்தர் மட்டும் போங்க. கணவன், மனைவி, மாமியார்னு மூணு பேர் போனா அது பஞ்சாயத்து. கேட்டை ஒட்டி நிக்காம ஒரு எட்டு தள்ளி நில்லுங்க, வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கக்கூடாது. வணக்கம், நடந்தது, கேக்க வந்தது, கிளம்புறது. மொத்தம் ஒரு நிமிஷம். "உள்ள வாங்க, காப்பி சாப்பிடுங்க"ன்னா முதல் தடவை வேண்டாம். காப்பி குடிச்சப்புறம் குறை சொல்ல நாக்கு எழாது.

பலகாரம் கொண்டு போகலாமான்னு யாராவது கேப்பீங்க. குறை சொல்லப் போற அன்னைக்கு வேண்டாம். முறுக்கும் முறையீடும் ஒரே தட்டுல வந்தா, அடுத்த தடவை முறுக்கைப் பார்த்தாலே பயப்படுவாங்க. சரியானதுக்கு ஒரு வாரம் கழிச்சுக் கொடுங்க.

6 · மாடி_பதின்மூன்று

துணி பரவாயில்லை. குளியலறைக் கூரையே ஒழுகினால்? மேல்வீட்டாரிடம் "உங்க குளியலறையை உடைச்சுப் பாருங்க" என்று எந்த வாயால் சொல்வது?

7 · பைப்_மாமா

இது பேச்சுச் சாமர்த்தியத்தைவிடக் கணக்குச் சாமர்த்தியம் வேண்டிய இடம். கணக்கு தெரிந்தால் பேச்சு தானே மென்மையாகிவிடும்.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டில், மேல்தளத்துக்கும் கீழ்க்கூரைக்கும் நடுவே இருக்கிற கான்கிரீட் பலகை இரண்டு வீட்டுக்கும் பொது. பழுது பார்ப்பதும் இரண்டு வீட்டாரின் பொறுப்பு. குளியலறைத் தரை ஓடுகளுக்கு அடியில் இருக்கிற நீர்த்தடுப்புப் படலம் வருஷக்கணக்கில் தேய்ந்து கசிந்தால், வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். செலவில் பாதி வீவக ஏற்கும். மிச்சத்தில் மேல்வீடு கால்வாசி, கீழ்வீடு கால்வாசி. ஆகவே மேலே போய்ச் சொல்ல வேண்டிய வார்த்தை "உங்க குளியலறை ஒழுகுது" இல்லை. "நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற தளம் கசியுது. சேர்ந்து விண்ணப்பிச்சா ஆளுக்குக் கால்வாசிதான்." உண்மையும் அதுதான்.

புது வீடு என்றால் இன்னும் எளிது. கூரைக் கசிவுக்கு 5 வருஷ உத்தரவாதம் உண்டு. அதற்குள் ஒழுகினால் இரண்டு பேரும் சேர்ந்து வீவகவிடம் போக வேண்டியதுதான், ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புது வீட்டுக் குளியலறை ஓடுகளை முதல் 3 வருஷம் உடைக்கக்கூடாது என்று விதி வைத்திருப்பதும் இந்தப் படலம் கிழியாமல் இருக்கத்தான்.

மேலே போகுமுன் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். விடாமல் சொட்டுகிறதா, குளித்த பிறகு மட்டும் சொட்டுகிறதா? விடாமல் என்றால் அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர்க் குழாயில் கோளாறு இருக்கலாம். மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, வெளியே இருக்கிற மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். குளித்த பிறகு மட்டும் என்றால் படலம், அல்லது தரை வடிகுழியைச் சுற்றிய இணைப்பு. வடிகுழியில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிக் கீழே நிறம் வருகிறதா என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் பலிக்கும். ஆனால் சாயப் பொடியோடு அறிவிக்காமல் போய் நிற்காதீர்கள். முதல் நாள் ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள்.

கைப்பேசியில் கூரைப் படம் இரண்டு போதும். நாற்பது படம் காட்டினால் வழக்குக் கட்டு மாதிரி இருக்கும். படத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள், கறை வளர்கிறதா என்பது அடுத்த வாரம் தெரியும்.

8 · மிக்சர்_மன்னன்

நடுராத்திரி மேல்மாடியில கோலிக்குண்டு உருட்டறாங்களே, அதுக்கு என்ன திட்டம்?

9 · பைப்_மாமா

கோலிக்குண்டுக்கு மேல்வீட்டைத் திட்டாதீர்கள். குழாய்க்குள் அழுத்தம் மாறும்போது அப்படி ஒரு சத்தம் வரும். கான்கிரீட்டில் சத்தம் குறுக்கேயும் நெடுக்கேயும் ஓடும், நேர் மேலே கேட்பது பக்கத்து வரிசையிலிருந்தும் வந்திருக்கலாம். கீழிருந்து மேலே போவதும் உண்டு. ஆகவே "உங்க வீட்டுச் சத்தம்" என்று தொடங்காமல், "ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு சத்தம் வருது, உங்களுக்கும் கேக்குதா?" என்று கேளுங்கள். அவர்கள் வீடுதான் என்றால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். இல்லை என்றால் உங்களுக்கு ஒரு துணை கிடைத்தது.

10 · தோபாயோ_துளசி

சத்தத்துக்குப் பெரும்பாலும் சில வெள்ளியில் வைத்தியம் இருக்கிறது. நாற்காலிக் காலுக்குக் கம்பளி ஒட்டு, வாஷிங் மெஷினுக்கும் மிக்சிக்கும் அடியில் கனமான ரப்பர் பாய். சம்பல் இடிக்கிற உரலைத் தரை நடுவில் வைக்காதீர்கள். நடுவில்தான் தளம் அதிகம் அதிரும். சுவர் மூலையில், நான்காக மடித்த ஈரத் துண்டின் மேல் வைத்து இடித்தால் கீழ்வீட்டுக்குப் பாதிதான் போகும்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். முன்பு இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி நேரம் என்று சொல்வார்கள். 2022-ல் அக்கம்பக்க இரைச்சல் பற்றிய சமூக ஆலோசனைக் குழு அதை இரவு 10 முதல் காலை 8 வரை ஆக்கப் பரிந்துரைத்தது. கதவைத் தட்டும்போது இந்த எண்ணைச் சொல்ல வேண்டாம். உங்கள் குறை அதற்குள் வருகிறதா என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

11 · வெந்தயம்

வாசனைச் சங்கடம் யாரும் சொல்லலையே? கருவாடு பொரிக்கிற அன்னைக்கு எதிர்வீட்டுக் கதவு படார்னு சாத்துது.

12 · தோபாயோ_துளசி

2011 மறக்குமா? பக்கத்து வீட்டில் கறி வாசனை வருகிறது என்று ஒரு குடும்பம் சொல்ல, சமரசத்தில் இந்தியக் குடும்பம், புகார் சொன்னவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைக்க ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. உடனே ஊரே ஆகஸ்ட் 21 அன்று ஒரு சட்டி கறி வைத்துப் பகிர்ந்து சாப்பிட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும். ஒரு சங்கடத்துக்கு இந்த ஊர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அது.

கறி சமைப்பது குற்றம் இல்லை, அதற்கு மன்னிப்பும் வேண்டாம். ஆனால் இரண்டு சமாச்சாரம் மட்டும் வேறு: காய்ந்த மிளகாய் கருகும் காரமும், பெலாச்சான் என்கிற இறால் விழுதை வாட்டுவதும். முதலாவது மூக்குக்கு இல்லை, தொண்டைக்குப் போகிறது, ஆஸ்துமாக்காரருக்குக் கஷ்டம். எண்ணெய் புகையுமுன் மிளகாயைப் போட்டு, உடனே மூடி வைத்தால் இருமல் வராது. பெலாச்சானை அலுமினியத் தாளில் மடித்து வாட்டுங்கள். கருவாட்டு நாளைக்கு முந்தின நாள் எதிர்வீட்டுக்கு ஒரு வரி: "நாளைக்குப் பதினொரு மணிக்கு எங்க வீட்டுல கருவாடு. ஒரு மணிக்குள்ள புகை அடங்கிடும். முன்கூட்டியே எச்சரிக்கை, வேணும்னா ஒரு தட்டும் வரும்." இதற்குக் கோபப்பட்டவர்கள் குறைவு. தட்டு கேட்டவர்கள் அதிகம்.

எதிர்வீட்டார் சீனரோ மலாய்க்காரரோ என்றால் நோட்டில் வார்த்தையைக் குறையுங்கள். 1989-ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒரே புளோக்கில் எல்லா மொழியும் இருக்கும். கடிகாரம் ஒன்று, சட்டி ஒன்று வரைந்தால் போதும். நையாண்டி மொழி தாண்டும்போது உடைந்துவிடும். படம் உடையாது.

13 · எச்ஆர்_எறும்பு

வாசனை என்றதும் அலுவலக விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் எல்லாரும் தப்பாகச் செய்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் சட்டையில் வாடை.

செய்யக்கூடாதது: மேசைமேல் பெயரில்லாமல் டியோடரன்ட் வைப்பது. "நம் அனைவரின் சுகாதாரம்" என்று குழுவுக்கே மின்னஞ்சல் போடுவது. அவர் தமிழர் என்பதால் "நீயே உங்க ஆளுகிட்ட சொல்லிடு" என்று இன்னொரு தமிழரை அனுப்புவது. அப்படித் தூது போகச் சொல்லி மேலதிகாரி யாராவது உங்களைக் கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். வாடைக்கு இனம் கிடையாது, தூது போனால் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். யார் கவனித்தாரோ, அல்லது யார் நேர்மேலதிகாரியோ, அவர் சொல்ல வேண்டும்.

எப்போது: வேலை முடிகிற நேரம். காலையில் சொன்னால் அவர் நாள் முழுக்க அந்தச் சட்டையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே: கதவு உள்ள சின்ன அறை. மின்தூக்கியும் காப்பிக்கடையும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் கூடவே கூடாது, எழுத்து அழியாது.

வார்த்தை: "ஒரு நிமிஷம் பேசலாமா? சொல்றதுக்குச் சங்கடமான விஷயம். ரெண்டு வாரமா உங்க சட்டையில ஒரு வாடை தெரியுது. நம்ம மூக்குக்கு நம்ம வாடை தெரியாது, அதனாலதான் சொல்றேன்." அவ்வளவுதான். பிறகு வாயை மூடுங்கள். அந்த மௌனம் கனமாக இருக்கும், அதை நிரப்ப "குளிக்கிறீங்களா, என்ன சாப்பிடுறீங்க" என்று வைத்தியம் பார்க்க ஆரம்பித்தால் கெட்டது. காரணம் உங்களுக்குத் தெரியாது. மருந்தாக இருக்கலாம், உடம்புக்கு ஏதாவது இருக்கலாம், இந்த ஊரில் பெரும்பாலும் துணி காயாததுதான். டிசம்பர், ஜனவரி மழையில் வீட்டுக்குள்ளேயே காய்கிற பாலியெஸ்டர் சட்டை, எவ்வளவு சுத்தமாகத் துவைத்தாலும் உடம்புச் சூடு பட்டதும் ஊசல் வாடை விடும்.

"யார் சொன்னது?" என்று கட்டாயம் கேட்பார். "நான் கவனிச்சேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்ற ஒரு வரி அவரை வேலையையே விட வைக்கும்.

"என்ன செய்யலாம்?" என்று அவரே கேட்டால் மட்டும் சொல்ல: சட்டையை அரைக் குவளை வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைப்பது, மெஷின் கதவு ரப்பர் மடிப்பில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது, மின்விசிறிக் காற்றில் காயவைப்பது. வேர்வை தடுக்கும் பூச்சைக் காலையில் வேர்த்த பிறகு பூசினால் பயன் குறைவு. இரவில் காய்ந்த தோலில் பூச வேண்டும்.

மறுநாள் வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டுப் போனால் நேற்றுச் சொன்னதெல்லாம் தண்டனையாகிவிடும். இந்த விஷயத்தில் நகைச்சுவை ஒரு துளிகூட வேண்டாம்.

14 · மிக்சர்_மன்னன்

ஒரு துளிகூடவா? பணிவன்பு இயக்கத்தோட சின்னம், அந்தச் சிங்கா சிங்கம், ஏன் 2013-ல ராஜினாமா பண்ணுச்சுன்னு இப்பத்தான் புரியுது. இவ்வளவு பணிவு அதால முடியலை.

பல்லுல கீரை, பேண்ட்டு ஜிப்பு, இதுக்கெல்லாமும் தனி அறை வேணுமா?

15 · காப்பி_ஓ_கொசோங்

அதுக்கு வேற கணக்கு. ஒரு நிமிஷத்துல சரிபண்ண முடியும்னா உடனே சொல்லணும், வீட்டுக்குப் போனாத்தான் சரியாகும்னா வாயைத் திறக்கக்கூடாது. கீரை, ஜிப்பு, சட்டையில ஒட்டின விலைச்சீட்டு, எல்லாம் முதல் வகை. "போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கு"ன்னு காதுல சொன்னா எந்தத் தமிழனுக்கும் புரியும். சொல்லிட்டு வேற பக்கம் பாருங்க. மேடையேறிட்டார்னா விட்டுடுங்க, கையால ஜாடை காட்டினா பார்வையாளர் அத்தனை பேரும் அங்கதான் பாப்பாங்க. முடிவெட்டு சரியில்லை, புடவை கலர் எடுபடலைங்கறதெல்லாம் ரெண்டாவது வகை. அவங்களே கேட்டாத்தான்.

16 · வெந்தயம்

சாப்பாட்டுக் காசு? எல்லாருக்கும் சேர்த்து ஒருத்தர் கட்டுறார், ஒருத்தர் மட்டும் திருப்பித் தரவே மாட்டேங்கிறார். எட்டரை வெள்ளிக்காக மூஞ்சியைக் கெடுத்துக்கணுமா?

17 · எச்ஆர்_எறும்பு

அன்று மாலையே, எல்லாருக்கும் ஒரே செய்தி: "இன்னைக்கு பிரியாணிக் கணக்கு: 3 பேர், 25 வெள்ளி 50 காசு, தலைக்கு 8.50. இந்த எண்ணுக்குப் பேநவ்ல பணம் அனுப்புங்க." தொகை துல்லியமாக இருந்தால் கணக்கு, "ஒரு எட்டு ஒன்பது வெள்ளி" என்றால் நன்கொடை வசூல். மூன்று வாரம் கழித்துக் கேட்டால்தான் அற்பமாகத் தெரியும், மூன்று மணி நேரத்தில் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது.

வரவில்லையா, ஒரே ஒரு நினைவூட்டல், தனியாக. "மறந்துட்டீங்க" என்று எழுதாதீர்கள், அது குற்றச்சாட்டு. "8.50 இன்னும் வரலை, எண் தப்பாப் போயிடுச்சா பாருங்க" என்றால் தப்பிக்க ஒரு கதவு இருக்கிறது. அதற்கும் வரவில்லை என்றால் அடுத்த தடவை வரிசையில் அவரை முன்னால் விடுங்கள்: "இன்னைக்கு நீங்க கட்டுங்க, நான் இப்பவே பேநவ் பண்றேன்." அவர் பணம் கட்டி முடிக்குமுன் உங்கள் பங்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பழைய எட்டரையைக் கழித்துக்கொண்டு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: அனுப்பலாம், ஆனால் சொல்லிவிட்டுக் கழியுங்கள்.

வேடிக்கைக்காக "ஓ டாலர் பி டாலர்" என்று ஒட்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்ட வேண்டாம். வட்டி முதலைகள் சுவரில் கிறுக்குவது அது. கதவில் சிவப்பு மை விழுந்த குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு, யார் எங்கே பட்டிருப்பார் என்று தெரியாது.

பெரிய தொகையைக் கடனாகக் கேட்டால் "கையில காசு இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். தீவு சின்னது, சனிக்கிழமை தேக்கா நகைக்கடையில் பிடிபடுவீர்கள். "நட்புக்குள்ள கடன் வேண்டாம்னு வெச்சிருக்கேன், அதை மாத்த மாட்டேன்" என்றால் பொய்யும் இல்லை, பேரமும் இல்லை. காரணத்தை அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும்.

18 · மிக்சர்_மன்னன்

தீபாவளி வருது. ஆன்ட்டிகளுக்குப் பதில் யாராவது தயார் பண்ணிக் கொடுங்க.

19 · காப்பி_ஓ_கொசோங்

"பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுல எவ்வளவு?"ன்னா: "ஆன்ட்டி, 2021-லிருந்து கணக்கு மாறிப்போச்சு. கம்மியா வாங்கினாத்தான் நல்ல மார்க்கு. 4-தான் உச்சம், 32 கடைசி." இதை நிதானமா விளக்கத் தொடங்கினா ஆன்ட்டியே சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. பொய் ஒண்ணும் சொல்லலை, பிள்ளை மார்க்கும் வெளியே வரலை.

"எப்பக் கல்யாணம்?"னா: "வீவக புது வீட்டுக்கு பிடிஓ குலுக்கல்ல பேர் விழட்டும் ஆன்ட்டி." ஒத்தையாளா 35 வயசுல வீடு வாங்கலாம்ங்கற விதியை அவங்க எடுத்துப் போட்டா நீங்க மாட்டிக்கிட்டீங்க, உஷார்.

"குண்டாயிட்டியே"க்கு வேடிக்கைப் பதில் தேடாதீங்க. "அதைப் பத்திப் பேச வேண்டாம் ஆன்ட்டி, அதிரசம் நீங்க சுட்டதா?" மறுப்பு முன்னாடி, அதிரசம் பின்னாடி, நடுவுல மூச்சு விடாம. மூச்சு விட்டா அந்த இடத்துல உணவுமுறை அறிவுரை நுழைஞ்சுடும்.

கிளம்பாத விருந்தாளிக்கு: கூப்பிடும்போதே முடியற நேரத்தைச் சொல்லிடணும், "ஆறு மணியிலிருந்து ஒம்பதரை வரை". கொட்டாவி விடறது, தட்டைக் கழுவறது எல்லாம் பலிக்காது. "கடைசி ரயில் போயிடும், நான் ஸ்டேஷன் வரைக்கும் வர்றேன்"னு செருப்பைப் போடுங்க. கார்ல வந்தவங்களுக்கு? பலகாரப் பொட்டலத்தைக் கையில குடுத்துடுங்க. பொட்டலம் கைக்கு வந்தா கால் தானா எழும்.

20 · ஈரத்துண்டு

ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். செவ்வாய், வியாழன், சனி, காலை ஒன்பது மணி வாக்கில், இடப்பக்கக் கம்பு. வழவழப்பு இருக்கிறது, வாசனையும் இருக்கிறது, சலவைத் தண்ணீர்தான். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை. ஆகவே நோட்டு. புதுசு:

"வணக்கம். நேர் கீழ்வீட்டிலிருந்து எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி காலை 9 மணி வாக்கில் உங்கள் இடப்பக்கக் கம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எங்கள் வேட்டி ஒரே நாளில் இரண்டு தடவை குளிக்கிறது. தயவுசெய்து கம்பில் போடுமுன் இன்னொரு தடவை ஸ்பின் ஓட்டினால் போதும். எங்களால் உங்களுக்கு ஏதும் இடைஞ்சல் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள்." கீழே பெயர், வீட்டு எண், கைப்பேசி எண்.

இதற்கும் மசியவில்லை என்றால்?

21 · எச்ஆர்_எறும்பு

இரண்டு தடவை சொல்லியும் மாறவில்லை என்றால் குடியிருப்புக் குறைகளைத் தெரிவிக்கிற ஒன்சர்வீஸ் செயலி, பிறகு சமூக சமரச நிலையம். 1998-லிருந்து இருக்கிறது, பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் நடுவில் உட்கார்ந்து பேச வைப்பார்கள். அதற்கும் மேலே அக்கம்பக்கத் தகராறுகளுக்காக 2015 சட்டத்தில் வந்த நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். நனைந்த வேட்டிக்கு அவ்வளவு தூரம் போக மாட்டீர்கள்.

நோட்டில் ஒரு திருத்தம்: "ஓட்டினால் போதும்" என்பது உத்தரவு மாதிரி ஒலிக்கிறது. "ஓட்ட முடியுமா?" என்று கேளுங்கள். அப்போது "தயவுசெய்து"வும் தேவைப்படாது.

22 · தோபாயோ_துளசி

கதவில் ஒட்டாதீர்கள், போகிற வருகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். மடித்து, பெயர் எழுதிய உறையில் போட்டு, கேட்டில் செருகுங்கள். கைப்பட எழுதுங்கள், அச்சடித்தால் நோட்டீஸ் ஆகிவிடும்.

கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் அதை எழுதினால் பதில் வரும், தயாராக இருங்கள். உங்கள் வீட்டில் காலையில் என்ன சத்தம்?

23 · ஈரத்துண்டு

ஒன்றும் பெரிதாக இல்லை. தேங்காய்ச் சட்னிக்கு மிக்சி மட்டும். ஆறே காலுக்கு.

24 · பைப்_மாமா

மிக்சி எங்கே இருக்கிறது? சமையல் மேடையில் சுவரை ஒட்டியா?

25 · ஈரத்துண்டு

ஆமாம்.

26 · காப்பி_ஓ_கொசோங்

நோட்டை மேசைமேல வெச்சுட்டு, முதல்ல ரப்பர் பாய் வாங்கிட்டு வாங்க. சட்னியை ராத்திரி ஒம்பது மணிக்கே அரைச்சுக் குளிர்ப்பெட்டியில வைங்க, தாளிப்பு மட்டும் காலையில. ரெண்டு நாள் கழிச்சு மேலே ஏறுங்க.